கடப்படியில திரும்பின சைக்கிள்

மகன்,

உனக்கு ஸலாம் சொல்லித்தான் தொடங்குறன். உன்னில எவ்வளவு கோவம் இருந்தாலும் ஸலாத்தில குறை வைக்கக்கூடாது. உம்மா சுகம். நானும் நடமாடித் திரியிறன், முழங்கால் மட்டும் பழைய குணத்தில இருக்கு. பொத்துவில் கடையில உனக்குச் சாப்பாடு சரிவருதோ தெரியா. இதெல்லாம் எப்பவும் எழுதுற கதை. இனி எழுதப் போறது அப்பிடி இல்ல. ஒரு இடத்தில இருந்து வாசி. கடையில ஆள் நிக்கிற நேரம் பிரிக்காத.

வாற ஞாயிற்றுக்கிழமை காதிக் கோட்டில, காதியாருக்கு முன்னால நான் உன்ட பக்கத்தில இருக்க மாட்டன். ஜெசீமாட பக்கத்தில இருப்பன். உன்ட பெண்சாதி உன்னை விட்டு விலகிறதுக்கு பஸஹ் கேட்டு வைச்சிருக்கிற வழக்கில, அவள்ட ரெண்டாவது சாட்சியா உன்ட வாப்பா நான் போறன். இதை நீ அங்க வந்து கண்டு திடுக்கிடக்கூடாது. வாற வழியில, பஸ்ஸுக்குள்ள நம்மட நிந்தவூர் ஆள் ஆரும் சொல்லி அறியவும் கூடாது. அதுக்குத்தான் இந்தக் காயிதம். நேரில சொல்லலாம்தான். நேரில எண்டா நீ சத்தம் போடுவாய், நான் உன்னை விடச் சத்தம் போடுவன், உம்மா நடுவில நிண்டு அழுவா, சொல்ல வந்த கதை அப்பிடியே கிடக்கும். நம்மட வீட்டில எந்தக் கதை முழுசா முடிஞ்சிருக்கு, சொல்லு பாப்பம்.

போன முறை நடந்தது உனக்கு மறந்திருக்காது. பள்ளிக்குப் பின்னால இருக்கிற அந்த மண்டபத்தில காதியாரும் அவரோட மூண்டு ஜூரிமாரும் இருந்தாங்க. நீ புதுச் சாரன் உடுத்து, தொப்பி போட்டு, என்ட தோளோட தோள் உரச இருந்தாய். எனக்கு அதில பெருமைதான், ஏன் பொய் சொல்லுவான். அங்கால உன்ட மாமியும் ஜெசீமாவும் முக்காட்டை இழுத்து விட்டுக் கொண்டு இருந்தாங்க. காதியார் அவளுக்கு ஆறுதலா விளங்கப்படுத்தினார். "மகள், தலாக் எண்டா அது மாப்பிள்ளைட கையில. அவர் சொல்ல மாட்டன் எண்டுறார். குல்உ எண்டா, நீ அவர் தந்த மஹரையோ வேற ஏதுமோ திருப்பிக் குடுத்து, அவரும் ஓம் எண்டு சொல்லி விலகிற வழி. பஸஹ் எண்டா அவர்ட பிழையை நீ காட்டணும். சொன்னாப் போதாது, ரெண்டு சாட்சி வேணும். அது கஷ்டம் மகள். குல்உவில முடிச்சா எல்லாருக்கும் லேசு." அவர் சொல்லி வாய் மூட முந்தி நீ எழும்பிச் சொன்னாய்: "வீட்டை என்ட பேருக்கு எழுதித் தந்தா குல்உக்கு எனக்குச் சம்மதம்."

அந்த நேரம் என்ட மனசில என்ன ஓடினது தெரியுமா? பொடியன் விசயகாரன் எண்டு நினைச்சன். வல்லாஹி, அப்பிடித்தான் நினைச்சன். அது ஆர்ட வீடு எண்டு எனக்குத் தெரியாதா? நம்மட பக்கத்து வழக்கம், பொம்புளைப் புள்ளைக்கு வீட்டைக் கட்டிக் குடுக்கிறது, மாப்பிள்ளை அங்க போய் இருக்கிறது. ஜெசீமாட வாப்பா சந்தையில கருவாடு வித்துக் கட்டின வீடு. சூறாவளியில கூரை முழுக்கப் பறந்து போக, அந்த மனுசன் கிழிஞ்ச பெனியனோட நிண்டு திரும்பவும் முதல்ல இருந்து கட்டினார். குசினிக்கு ஓடு போட முந்தி மௌத்தாகிட்டார். அந்த வீட்டில இப்ப இருக்கிறது ஒரு விதவை, அவள்ட மகள், உன்ட சின்னப் புள்ள. அதைத்தான் நீ கேட்டாய். நானும் வாயைப் பொத்திக் கொண்டு கேட்டுக் கொண்டிருந்தன்.

ஜெசீமா பயப்படல்ல. "வீடு தர மாட்டன். விலை குடுத்து வாங்கிப் போறதுக்கு நான் என்ன பிழை செய்தன்? அவர் எனக்கு அடிச்சார். அதுக்குத்தான் பஸஹ் கேக்கன்" எண்டாள். அவள்ட பக்கத்து வளவு காசிம் காக்கா எழும்பி, ஒரு நாள் அவலக் குரல் கேட்டு ஓடிப் போய் உன்ட கையைப் பிடிச்சு இழுத்ததைச் சொன்னார். காதியார் தலையை ஆட்டினார். "சரி, இது ஒரு சாட்சி. மத்தது ஆர்?" எண்டு கேட்டார். அவள் முக்காட்டைக் கொஞ்சம் ஒதுக்கி, விரல் நீட்டாம, கண்ணால மட்டும் காட்டினாள். "அந்தா இருக்கார். என்ட மாமா."

நீ சிரிச்சாய். "வாப்பாவா?" எண்டு என்னைப் பார்த்துச் சிரிச்சாய். ஜூரிமாரிலயும் ஒருத்தர் சிரிச்சார். நான் சிரிக்கல்ல. "வட்டவிதானையார், நீங்க ஏதும் கண்டீங்களா?" எண்டு காதியார் கேட்க, எனக்குத் தலை சுத்துது, இன்னொரு நாள் தாங்க எண்டு சொல்லிட்டன். தலையும் சுத்தல்ல, ஒரு மண்ணும் சுத்தல்ல. நீ அதை நம்பி, என்னைக் கையில பிடிச்சு வெளியில கூட்டி வந்து, தேத்தண்ணிக் கடையில இருத்தி, பிளேன்டீயை ஊதி ஊதிக் குடிக்கத் தந்தாய். அந்த அன்பும் உன்ட கையிலதானே இருக்கு மகன். அதுதான் எனக்கு விளங்குதில்ல. பஸ் ஏற முந்தி நீ சொன்னாய்: "வாப்பா, காணல்ல எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். மிச்சத்தை நான் பார்த்துக் கொள்றன்."

நான் கண்டனான். நீ அறியாய். இப்ப அறிஞ்சு கொள். பெரும்போகம் வெட்டி முடிஞ்ச கையோட, புது நெல்லுக் குத்தின அரிசி ஒரு பை சைக்கிளில கட்டிக் கொண்டு உங்கட வீட்டுக்கு வந்தன். நல்ல வெயில். வேலிக் கடப்படிக்கு வந்து, இறங்கி, குறுக்கே போட்டிருந்த கடப்புத் தடியை எடுக்கக் கையை நீட்டினன். கிணத்தடியில நீ அவள்ட கொண்டையைக் கையில சுத்திப் பிடிச்சிருந்தாய். மத்தக் கையில கிணத்துக் கயிறு. ஈரக் கயிறு. உன்ட முதுகு எனக்கு. அவள்ட முகம் எனக்கு. அவள் கத்தல்ல, ஊருக்குக் கேட்டுடும் எண்டு பல்லைக் கடிச்சுக் கொண்டிருந்தாள். சின்னப் புள்ள வாசல் நிலையைப் பிடிச்சுக் கொண்டு நிண்டது, அப்பதான் நடை பழகின புள்ள. ஜெசீமா நிமிர்ந்து என்னைக் கண்டாள். அவள்ட கண்ணில, அல்ஹம்துலில்லாஹ், ஆள் வந்திட்டுது எண்ட ஒரு பார்வை வந்தது. நான் அதைக் கண்டன். கண்டிட்டு, சைக்கிளைத் திருப்பினன். அரிசிப் பை கடப்புக் கட்டையில முட்டினது. அதுக்கும் நீ திரும்பிப் பார்க்கல்ல.

வீட்டுக்கு வந்து உம்மாட்ட, அங்க ஆள் இல்ல எண்டு சொன்னன். உம்மா அந்த அரிசியை வடிச்சா. நாங்கதான் திண்டம். நல்ல அரிசி.

ஏன் திரும்பினன் எண்டு நீ கேட்கலாம். அது மாப்பிள்ளை பெண்சாதி விசயம், நாம நடுவில போகக்கூடாது எண்டு அண்டைக்கு எனக்கு நானே சொல்லிக் கொண்டன். சும்மா சாட்டு. நான் ஆர்? இந்த வயல் வட்டைக்கு வட்டவிதானை. வயல் முழுக்கத் தண்ணி திறக்கிறவன், பூட்டுறவன். ஆர்ட மாடு ஆர்ட பயிரைத் திண்டது எண்டு போய்ப் பார்த்து, கண்டதைக் கண்ட மாதிரிச் சொல்றவன். காணிக்காரப் பெரிய போடியார்ட எருமை ஏழையின்ட வயல்ல இளங் குடலைக்கதிரை மேய்ஞ்சப்பவும் முகம் பார்க்காமச் சொன்னவன். அவர் என்னோட எத்தினை வருசம் கதைக்காம இருந்தார் எண்டு உனக்குத் தெரியும். ஒரு பிடி கதிருக்காக அவ்வளவு பகையைத் தேடின எனக்கு, ஒரு பொம்புளைப் புள்ளைட தலைமயிரைக் கண்டதும் வாய் அடைச்சுப் போச்சு. வயல்ல ஆக்கள் 'விதானையார் சொன்னாச் சரி' எண்டு சொல்றப்ப இப்ப எனக்கு நிலத்துக்குள்ள போகலாம் போல இருக்கு.

இதை விட மோசமான கதையும் இருக்கு. நீ கோவிச்சிட்டு நம்மட வீட்டுக்கு வாறது. சண்டை பிடிச்ச மாப்பிள்ளை உம்மாட வீட்டில வந்து படுத்துக் கொண்டா, பெண் வீட்டார் சாப்பாட்டுத் தட்டம் தூக்கிக் கொண்டு வந்து, மன்றாடிக் கூட்டிப் போகணும். இதுதானே நம்மட சட்டம். நீ ஒவ்வொரு முறை வந்து படுத்த உடனேயும் நான் சேர்ட்டைப் போட்டுக் கொண்டு முன் விறாந்தையில போய் இருந்தன். பார்த்துக் கொண்டு இருந்தன், மகன். ஆர் வாறாங்க, என்ன கொண்டு வாறாங்க எண்டு. உன்ட மாமி கோழி பொரிச்சு, வட்டிலப்பம் அவிச்சு, எருமைத் தயிர் முட்டியோட வருவா. எங்கட மகளில பிழை எண்டா மன்னிச்சுக் கொள்ளுங்க எண்டு சொல்லுவா. மகள் பின்னால நிப்பாள். ஒரு முறை இடக் கண் மூடி இருந்தது. இன்னொரு முறை அவள் கையைத் தூக்க ஏலாம, வட்டிலப்பச் சட்டியை இடுப்பில வைச்சுக் கொண்டு நிண்டாள். அடி வாங்கினவள் தட்டம் கொண்டு வாறாள், அடிச்சவன் போர்த்திக் கொண்டு படுத்திருக்கான், நான் மீசையைத் தடவிக் கொண்டு "சரி, சரி, இனி நல்லா இருங்க, புள்ள நீயும் கொஞ்சம் வாயைக் குறை" எண்டு புத்தி சொன்னன். அவங்க போன பிறகு தட்டத்தைத் திறந்து முதல்ல கை வைச்சதும் நான்தான். சீ!

வழக்கு இன்னொரு நாளுக்குத் தள்ளிப் போய், நீ பஸ் ஏறிப் போன அடுத்த நாள், நான் ஒரு வேலை செய்தன். உனக்கும் தெரியா, உம்மாக்கும் அப்ப சொல்லல்ல. கல்முனைக்குப் போய், நல்ல மஸ்கட் அல்வாவும் வாழைக்குலை ஒண்டும் வாங்கி, தட்டத்தில வைச்சு, துணியால மூடி, வழக்கத்துக்குத் தலைகீழா நானே அவங்கட வீட்டுக்குக் கொண்டு போனன். சமாதானம் பேசலாம் எண்டுதான். உண்மையைச் சொன்னா, அவள்ட வாயால 'சரி மாமா, நீங்க வர வேணாம்' எண்டு கேட்கலாம் எண்டுதான். அந்தக் கடப்படியில திரும்பவும் சைக்கிளை நிப்பாட்டினன். தடியை எடுத்தன். உள்ளுக்குப் போனன்.

உன்ட மாமி மறைஞ்சு கதவுக்குப் பின்னால நிண்டு, "சம்மந்தியார் வந்திருக்கார், பாய் போடு" எண்டா. இன்னும் அதே மரியாதை. ஜெசீமா பாயை விரிச்சு, தண்ணி தந்தாள். தட்டத்தில ஒரு பார்வையும் இல்ல. நான், "மகள், அவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லிப் பார்ப்பம். உனக்கும் புள்ள ஒண்டு இருக்கு" எண்டு தொடங்கினன். அவள் முழுக்கச் சொல்ல விட்டாள். பிறகு, "மாமா, அண்டைக்கு நீங்க கொண்டு வந்தது அரிசியா?" எண்டு கேட்டாள்.

"ஓம்" எண்டன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். அண்டைக்கு வீட்டில அரிசி இல்ல. சோறு வைக்கல்ல எண்டுதான் அவர் அடிச்சார்."

அவள் குரல் உயரல்ல, அழவும் இல்ல. "நீங்க போனதை நான் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல மாமா. என்ட உம்மாட்டக் கூடச் சொல்லல்ல. உங்கட மதிப்பைக் கெடுக்கக்கூடாது எண்டு இருந்தன். மண்டபத்தில வேற ஆள் இல்லாமத்தான் உங்களைக் காட்டினன். எனக்காகக் கதைக்க வேணாம். உங்கட மகனைப் பற்றி ஒரு கூடாத சொல்லும் சொல்ல வேணாம். மாடு பயிர் திண்டா என்ன சொல்லுவீங்களோ, அதைச் சொல்லுங்க. கண்டதை மட்டும்." இதைச் சொல்லிட்டு, தட்டத்தை மூடின துணியோடயே தூக்கி என்ட கையில தந்தாள். "சாட்சிக்கு வாறன், மகள்" எண்டன். சின்னப் புள்ள அல்வா மணத்துக்கு என்ட சாரனைப் பிடிச்சுக் கொண்டு வந்தது. ஜெசீமா வேணாம் எண்டதும் விட்டிட்டுது.

வீட்டுக்கு வந்து உன்ட உம்மாட்ட எல்லாத்தையும் சொன்னன். கிணத்தடியையும் சொன்னன், அரிசியையும் சொன்னன், ஞாயிற்றுக்கிழமை போகப் போறதையும் சொன்னன். உம்மா தலையில அடிச்சுக் கொண்டா. "பெத்த புள்ளையைக் காட்டிக் குடுக்கப் போறீங்களா? நாளைக்கு அவனுக்கு ஆர் பொண் தருவாங்க? ஊர் என்ன கதைக்கும்?" எண்டு கேட்டுட்டு, அதுக்குப் பிறகு என்னோட கதைக்கல்ல. சோறு தாறா, கறி தாறா, வாய் மட்டும் திறக்கல்ல. நேத்து, நான் கை கழுவ எழும்பினப்ப, சும்மா சட்டியைப் பார்த்துக் கொண்டு சொன்னா: "நீங்க உப்புக் கூடிட்டுது எண்டு சட்டியை எத்தின ஒரு நாள், என்ட வாப்பா கடப்படி மட்டும் வந்தவர். நான் சுடுகறியைக் கையால அள்ளிக் கொண்டிருந்தன். அவரும் என்னைக் கண்டவர். அவரும் திரும்பித்தான் போனவர்."

எனக்கு அது தெரியாது மகன். நான் உம்மாக்குக் கை நீட்டினதில்ல எண்டு ஊரெல்லாம் மார்தட்டித் திரிஞ்சவன். கை நீட்டல்லத்தான், காலாலதானே எத்தினன். நீ அப்ப அந்த அடுப்படியில இருந்து பார்த்துக் கொண்டிருந்தாய். உம்மா உனக்கு, "வாப்பாக்குப் பசி" எண்டு சொல்லுவா. நீ அதைத்தான் படிச்சாய் போல. ஆனா இதை ஒரு சாட்டா எடுத்துக் கொண்டு காதியாரிட்ட வராத. என்ட பிழை எனக்கு, உன்ட பிழை உனக்கு. கயிறு உன்ட கையிலதான் இருந்தது.

மகனுக்கு எதிரா வாய் திறக்கப் பயமா எண்டு நீ நினைச்சுக் கொள்ளாத. அது வலிதான், ஆனா அதுக்கு நான் பயப்படல்ல. நான் பயப்படுறது அதுக்குப் பிறகு வாற கேள்விக்கு. சத்தியம் வாங்கிட்டு காதியார் கேட்பார், "என்ன கண்டீங்க?" நான் கொண்டையைச் சொல்லுவன், கயிறைச் சொல்லுவன். அவர் எழுதிட்டு, தலை நிமிர்ந்து கேட்பார்: "கண்டிட்டு நீங்க என்ன செய்தீங்க, வட்டவிதானையார்?" ஜூரிமார் எல்லாரும் நம்மட வட்டையில வயல் செய்யிற ஆக்கள். நான் தண்ணி பூட்டினா ஏன் எண்டு கேட்காத ஆக்கள். அவங்களுக்கு முன்னால, காசிம் காக்காவுக்கு முன்னால, உனக்கு முன்னால நான் சொல்லணும், சைக்கிளைத் திருப்பினன் எண்டு. அதை நினைச்சா இப்பவே முகம் எரியுது. ஆனா அந்த மறுமொழி இல்லாட்டி முதல் மறுமொழியையும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. கண்ட ஆள் ஏன் இத்தினை நாள் வாய் திறக்கல்ல எண்டுதான் கேட்பாங்க.

நீ முன்னுக்கே போய்க் காதியாரிட்ட உன்ட பிழையை ஒத்துக் கொண்டா நான் எழும்பத் தேவையில்லாமப் போகும் எண்டு உனக்கு ஒரு யோசனை வரலாம். ஒத்துக் கொள், அது உனக்கு நல்லது. ஆனா அப்பவும் நான் வருவன். அவள் கேட்டவள், நான் வாறன் எண்டவன். பஸஹ் கிடைச்சா அவள் அவள்ட வீட்டில இத்தாக் காலம் முடியும் மட்டும் காத்து இருப்பாள். அந்தத் தெருவால நீ போகக்கூடாது. வீட்டைப் பற்றி இனி வாயே திறக்கக்கூடாது. புள்ளைக்குச் செலவு குடுக்கிறது உன்ட கடமை, அதுக்குக் காதியார் சொல்லும் மட்டும் காத்துக் கொண்டு நிக்காத. நாளைக்கு வேற எங்கயும் உனக்குப் பொண் பேசப் போனா, அந்த வாப்பா வந்து உன்னைப் பற்றி என்னிட்ட விசாரிப்பார். விசாரிக்காமப் பொண் தருவாங்களா? காதியாருக்குச் சொன்னதை அவருக்கும் சொல்லுவன். அவர் அதுக்குப் பிறகும் தந்தா, அது அவர்ட இஷ்டம், நீ மாறினதுக்கு அடையாளம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிஞ்சதும் நீ கோவிச்சுக் கொண்டுதான் எழும்புவாய், எனக்கு உன்னைத் தெரியும். எங்க போவாய்? நம்மட வீட்டுக்குத்தான் வருவாய். வா. கடப்புத் தடி எடுத்திருக்கும். உம்மா சோறு வைப்பா, உன்ட பழைய பாய் அதே மூலையில இருக்கு, போர்த்திக் கொண்டு படு. எவ்வளவு நேரம் வேணுமோ படு. நான் விறாந்தையில போய் இருக்க மாட்டன். நீயும் வாசலைப் பார்த்துக் கொண்டு கிடக்காத, இந்த முறை தட்டத்தோட ஒருத்தரும் வர மாட்டாங்க. நீயாத்தான் எழும்பணும்.

வாப்பா